ஃபீனிக்ஸ் டவுன்டவுன்ல காண்டோ வாங்கலாமா? சாண்ட்லர் தங்கச்சிக்கு ஒரு பதில்

வந்த கடிதத்த முதல்ல சுருக்கமா சொல்லிடறேன். அரிசோனாவுல சாண்ட்லர்ல வாடகை வீட்ல இருக்கற ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க. அவங்களுக்கு வேலை ஃபீனிக்ஸ் டவுன்டவுன்ல, ஏஎஸ்யூ (அரிசோனா ஸ்டேட் யூனிவர்சிட்டி) கேம்பஸ்ல. வீட்டுக்காரருக்கு வேலை ஊருக்கு வடக்க டிஎஸ்எம்சி சிப் ஃபேக்டரில. பொண்ணு ரெண்டாம் கிளாஸ். குளிர்காலம் வந்தா அவங்க அப்பா அம்மா திருநெல்வேலிலேர்ந்து வந்து அஞ்சு மாசம் இருந்துட்டு போவாங்க. டவுன்டவுன்ல ஒரு பதினஞ்சு இருபது வருஷத்து டவர்ல 14வது மாடில ரெண்டு பெட்ரூம் காண்டோ, அதாவது சொந்தமா வாங்கற ஃப்ளாட், பாத்திருக்காங்க, மேற்கு பாத்து முழுக்க கண்ணாடி, சூரியன் மறையறத பாத்துட்டு அங்கயே மனசு விழுந்துடுச்சாம். ஹெச்ஓஏ, அதாவது ஃப்ளாட் ஓனருங்க சங்கத்துக்கு கட்டற பராமரிப்பு பணம், மாசம் 850 டாலர். ஏஜென்ட் என்னடான்னா "அடுத்த ஆஸ்டின் இதுதான், பத்து வருஷத்துல ஸ்கைலைனே மாறிடும், இப்பவே பிடிச்சு போடுங்க"ங்கறாராம். வீட்டுக்காரர் கில்பர்ட்ல தனி வீடு வாங்கலாம்ங்கறார். "அண்ணா, நீங்க சிட்டி பிளானிங்ல வேலை பாத்தவர், சுத்தி வளைக்காம சொல்லுங்க, வாங்கலாமா வேணாமா, எதிர்ல ஒரு பெரிய காலி இடம் கிடக்கு, அதுல கட்டடம் வந்து வியூ போயிடுமா, பாலைவனத்துல தண்ணி தீந்துடும்னு வேற சொல்றாங்க, பயமா இருக்கு" – இதான் கேள்வி.

சரிம்மா, சுத்தி வளைக்காமயே சொல்றேன். டவுன்டவுனுக்கு குடி போங்க. ஆனா அந்த காண்டோவ இப்ப வாங்காதீங்க. ஒரு வருஷம் வாடகைக்கு எடுத்து ஒரு ஜூலை மாசத்த அங்க கழிச்சு பாருங்க, அப்புறம் வாங்கறத பத்தி பேசுவோம். ஏன்னு கொஞ்சம் நீளமா சொல்லணும்.

முதல்ல அந்த ஆஸ்டின் கதை. இந்த மாநிலத்துலயே உயரமான கட்டடம் எதுன்னா டவுன்டவுன்ல நிக்கற சேஸ் டவர்தான், 40 மாடி, 483 அடி, கட்டினது 1972ல. அதாவது உங்க அப்பா வாலிபனா இருந்தப்ப கட்டினது. அதுக்கப்புறம் இந்த ஊரு எவ்ளோ பெருசாச்சு, அமெரிக்காவுலயே அஞ்சாவது பெரிய சிட்டி ஆயிடுச்சு, 2020 சென்சஸ்ல 16 லட்சத்து சொச்சம் பேரு, சுத்தி இருக்கற மேசா சாண்ட்லர் ஸ்காட்ஸ்டேல் எல்லாம் சேத்தா அரை கோடி கிட்ட வரும், ஆனா அந்த 1972 கட்டடத்த தாண்டி ஒண்ணும் எழும்பல. அந்த டவரே பேங்க்காரங்க காலி பண்ணிட்டு போனப்புறம் ஆளில்லாம கிடந்துச்சுங்கறது தனி சோகம்.

காரணம் என்னன்னு அண்ணாந்து பாத்தீங்கன்னாலே தெரியும், ஃப்ளைட்டு. ஸ்கை ஹார்பர் ஏர்போர்ட் டவுன்டவுனுக்கு கிழக்க மூணு நாலு மைல்தான், மூணு ரன்வேயும் கிழக்கு மேற்கா கிடக்கு, மேற்க பாத்து எழும்பற ஃப்ளைட்டெல்லாம் டவுன்டவுனுக்கு தெக்க பக்கமா உரசற மாதிரி போகும். ஒரு இன்ஜின் நின்னு போனாக்கூட மீதி இன்ஜின வச்சு பத்திரமா ஏறணும், அதுக்கு கீழ எவ்ளோ இடம் விட்டிருக்கணும்னு ஒரு கணக்கு இருக்கு. இங்க வெயில்ல காத்து லேசாயிடறதால ஃப்ளைட் ஏறறதே மெதுவாத்தான் ஏறும், அதனால இந்த ஊர்ல அந்த கணக்கு கொஞ்சம் கறாராவே இருக்கும். 2017 ஜூன்ல 119 டிகிரி ஃபாரன்ஹீட் அடிச்ச அன்னிக்கு சின்ன ஜெட் ஃப்ளைட்டுங்க நிறைய கேன்சல் ஆச்சு, ஞாபகம் இருக்கறவங்களுக்கு இருக்கும். ஆக, டவுன்டவுன்ல எவ்ளோ உயரம் போலாம்ங்கறத கட்டறவர் மட்டும் முடிவு பண்ண முடியாது, ஏர்போர்ட்டும் முடிவு பண்ணும். அதான் இங்க டவரெல்லாம் கத்தரிக்கோல் வச்சு வெட்டின மாதிரி ஒரே மட்டத்துல நிக்கும்.

சரி, உயரம் இல்லன்னா விலை ஏறாதான்னு கேப்பீங்க. ஏறாதுன்னு நான் சொல்லல. சான் டியேகோவ பாருங்க, அங்கயும் டவுன்டவுன் ஒட்டியே ஏர்போர்ட்டு, 500 அடிக்கு மேல கட்ட முடியாது, ஆனா அங்க காண்டோ விலைய கேட்டா தல சுத்தும். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் மலை, நடுவுல நிலம் கொஞ்சம். விலைய ஏத்தறது அந்த நில நெருக்கடி. ஸ்கைலைன் போட்டோவுல அழகா இருக்கும், பத்திரத்துல வராது. ஃபீனிக்ஸ்ல அந்த நெருக்கடி எப்பவுமே இருந்ததில்ல. 1950ல இந்த ஊரு மொத்தமே 17 சதுர மைல், ஜனம் 1 லட்சத்து 7 ஆயிரம். பத்தே வருஷத்துல 187 சதுர மைல், 4 லட்சத்து 39 ஆயிரம் பேரு. பக்கத்து நிலத்தயெல்லாம் சிட்டிக்குள்ள சேத்துக்கிட்டே போனாங்க, இப்ப 500 சதுர மைலுக்கு மேல நிக்குது. யாருக்காவது டவுன்டவுன் விலை கட்டுப்படியாகலன்னா இன்னும் ரெண்டு மைல் தள்ளி போயிடுவாங்க, அவ்ளோதான். 1957ல சென்ட்ரல் அவென்யூல பார்க் சென்ட்ரல் மால் தெறந்தப்ப டவுன்டவுன்ல இருந்த பெரிய பெரிய துணிக்கடையெல்லாம் அங்க மூட்டைய கட்டிடுச்சு. அப்புறம் 1979ல சிட்டியே, ஒரு டவுன்டவுன் எதுக்கு, ஊர கிராமம் கிராமமா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் ஒரு நடு மையம் வச்சுக்கலாம்னு பிளான் போட்டுச்சு. சென்ட்ரல் அவென்யூல வடக்க போனா டவுன்டவுன் முடிஞ்சு கொஞ்ச தூரம் ஒண்ணுமில்லாம, திடீர்னு மிட்டவுன்ல மறுபடி டவர் டவரா வருதே, ரெண்டு ஸ்கைலைன் எதுக்குடான்னு புதுசா வர்றவங்க குழம்பறது இதனாலதான். நான் பிளானிங்ல இருந்தவன், பிளானிங்காரங்கள திட்டக்கூடாது, ஆனா இந்த ஒரு விஷயத்துல திட்டலாம்.

இப்ப உங்க எதிர்ல இருக்கற காலி இடம். மறைக்குமான்னு கேட்டீங்க. மறைக்கலாம், மறைக்காமயும் போகலாம், எதுவும் உங்க கையில இல்ல. வியூ மேல உங்களுக்கு சட்டப்படி உரிமை எதுவும் கிடையாது, அவன் இடம், ஜோனிங்ல, அதாவது எந்த மனைல என்ன கட்டலாம்ங்கற சிட்டி விதில, எவ்ளோ உயரம் குடுத்திருக்கோ அவ்ளோ அவன் கட்டலாம். "மக்கள் எதிர்த்தா சிட்டி குறைச்சிடுமே"ன்னு நினைக்காதீங்க. 2006ல இங்க ப்ராப் 207னு ஓட்டு போட்டு ஒரு சட்டம் கொண்டு வந்தாங்க, ஒருத்தரோட நிலத்துக்கு இருக்கற உரிமைய சிட்டி குறைச்சு அதனால விலை இறங்கினா சிட்டி நஷ்ட ஈடு குடுக்கணும். அதுலேர்ந்து குறைக்கறதுன்னாலே சிட்டி அட்டார்னி ஆபீஸ்ல எல்லாரும் பின்வாங்கிடுவாங்க. அதனால சிட்டி வெப்சைட்ல ஜோனிங் மேப்ப தெறந்து அந்த காலி மனைய க்ளிக் பண்ணி எவ்ளோ உயரம் அலவ்டுன்னு நீங்களே பாத்துக்கோங்க, பத்து நிமிஷ வேலை, ஏஜென்ட்ட கேக்காதீங்க.

ஆனா வியூ போறது சின்ன நஷ்டம்மா. எனக்கு பெரிய கவலை வேற. அந்த ஒரு மனை மட்டும் காலியா இருந்தா பரவால்ல, டவுன்டவுன்ல சும்மா நடந்து பாருங்க, ஒரு டவர், பக்கத்துல வெறும் மண்ணு, அப்புறம் ஒரு பார்க்கிங் லாட், மறுபடி ஒரு டவர். நிலத்த வாங்கி போட்டுட்டு விலை வரட்டும்னு பல வருஷமா காத்துக்கிட்டு இருக்கறவங்க இருக்காங்க, மண்ணா கிடந்தா வரியும் கம்மி. அந்த ஒவ்வொரு மண்ணு மனையும் நாளைக்கு உங்க காண்டோவுக்கு போட்டியா வரப்போற 300 வீடு. நீங்க விக்கப்போற அன்னிக்கு எதிர்ல புது டவர்ல ஜிம்மு, நீச்சல்குளம், நாய் குளிப்பாட்டற ரூமு எல்லாம் புத்தம் புதுசா வச்சுக்கிட்டு ரெண்டு மாசம் வாடகை ஃப்ரீன்னு பேனர் கட்டி தொங்க விட்டிருப்பான். வாடகைக்கு வர்றவங்கள அவன் இழுத்தா, வாங்க வர்றவங்க குறைவாங்க, விலை நிக்கும். இத ஏஜென்ட் சொல்ல மாட்டார்.

இந்த பத்து வருஷத்துல டவுன்டவுன்ல எழும்பின டவருங்க, அடலைன், சாயா, மூன்டவர்னு பேரெல்லாம் பாத்திருப்பீங்க, முக்கால்வாசிக்கு மேல வாடகை அபார்ட்மென்ட்தான், காண்டோ கிடையாது. ஏன்னு தெரிஞ்சுக்கறது உங்களுக்கு நல்லது. காண்டோவா கட்டி வித்தா, கட்டட குறைபாடுன்னு வாங்கினவங்க எட்டு வருஷம் வரைக்கும் கேஸ் போடலாம், அந்த பயத்துல இன்ஷூரன்ஸே எக்கச்சக்கம். பேங்க்காரன் பாதி வீட்ட முன்கூட்டியே வித்து காட்டுங்கறான். அதுக்கு மேல இங்க ஜிபிலெட்னு ஒரு வரி சலுகை இருக்கு, நிலமும் கட்டடமும் பேப்பர்ல சிட்டி பேர்ல இருக்கும், பில்டர் அத லீஸுக்கு எடுத்த மாதிரி கணக்கு, எட்டு வருஷம் வரைக்கும் அந்த லீஸுக்கான வரி கட்ட வேண்டாம். நிலமே சிட்டி பேர்ல இருந்தா தனித்தனியா வீடு விக்கறது எப்படி? வாடகைக்குத்தான் விடணும். இன்னொண்ணு பழைய காயம். 44 மன்றோனு 34 மாடி டவர் ஒண்ணு இருக்கு, 2008ல முடிச்சாங்க, காண்டோவா விக்கத்தான் கட்டினாங்க, மார்க்கெட் கவுந்த நேரம், கடைசில வாடகை அபார்ட்மென்டா மாத்தினாங்க. அந்த காலத்துல முன்பணம் குடுத்தவங்க, பணம் போட்டவங்க பட்ட பாட்ட இந்த ஊர் பில்டருங்க இன்னும் மறக்கல. அதனால வாங்கறதுக்கு காண்டோ கம்மியாத்தான் இருக்கும், இருக்கறதும் பழசாத்தான் இருக்கும். கம்மியா இருக்கறதால விலை ஏறும்னு ஏஜென்ட் சொல்வார். வாடகை அபார்ட்மென்ட் இவ்ளோ இருக்கறப்ப அந்த வாதம் நிக்காது.

சரி, வாடகைக்கு போறதுக்கு இப்ப நல்ல காலம். 2022லேர்ந்து ஃபீனிக்ஸ் முழுக்க அபார்ட்மென்ட் கட்டி குவிச்சிட்டாங்க, ஆள் பிடிக்க ஆறு வாரம், எட்டு வாரம் ஃப்ரீன்னு குடுக்கறாங்க. கவனமா இருக்க வேண்டியது ஒண்ணு: வெப்சைட்ல போட்டிருக்கற வாடகை அந்த ஃப்ரீ வாரத்த கழிச்சு பரப்பின வாடகையா, இல்ல லீஸ்ல எழுதப்போற முழு வாடகையான்னு கேளுங்க. அடுத்த வருஷம் ரின்யூவல் வர்றப்ப லீஸ்ல இருக்கற முழு வாடகைலேர்ந்துதான் ஏத்துவான். பார்க்கிங் தனி, குப்பைக்கு தனி, பேக்கேஜ் லாக்கருக்கு தனின்னு ஒரு லிஸ்ட் வரும், மொத்தமா எவ்ளோன்னு ஈமெயில்ல எழுதி வாங்குங்க. முன்னாடி சிட்டி வாடகை வரி ஒண்ணு சேத்து வசூல் பண்ணுவாங்க, 2025 ஜனவரிலேர்ந்து அரிசோனாவுல அத எடுத்துட்டாங்க, பில்லுல அந்த லைன் வந்தா கேள்வி கேளுங்க.

இப்ப அந்த ஜூலை விஷயம். நீங்க வீட்ட பாத்தது எப்போ, சாயங்காலம், பிப்ரவரி மாசம்னு எழுதியிருக்கீங்க. பிப்ரவரில ஃபீனிக்ஸ பாத்து யாருக்குத்தான் பிடிக்காது. 2023ல ஜூன் 30லேர்ந்து ஜூலை 30 வரைக்கும் இங்க தொடர்ந்து 31 நாள் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு குறையல, நம்ம கணக்குல 43 டிகிரி. பகல விடுங்க, ராத்திரிதான் கொடுமை, ஜூலை 19 அன்னிக்கு ராத்திரி முழுக்க 97க்கு கீழ இறங்கவே இல்ல. அந்த வருஷம் மரிகோபா கவுண்டில மட்டும் வெயில் காரணமா செத்தவங்க 645 பேரு. டவுன்டவுன்ல காங்கிரீட்டும் தாரும் பகல் பூரா குடிச்ச சூட்ட ராத்திரி பூரா கக்கும், கில்பர்ட்ல கொல்லப்பக்கம் புல்லு வச்ச தெருவுல ராத்திரி கொஞ்சம் பரவால்லயா இருக்கும். அதுல உங்க வீடு மேற்கு பாத்த கண்ணாடி சுவர். மத்தியானம் மூணு மணிக்கு அந்த கண்ணாடி பக்கத்துல சோபா போட்டு உக்காந்து பாருங்க, ஏசி 76ல ஓடிக்கிட்டு இருக்கும், முதுகு மட்டும் அடுப்படில இருக்கற மாதிரி இருக்கும். கண்ணாடில கைய வச்சா எடுத்துடுவீங்க. அந்த டவர்ல இருக்கறவங்க ஜன்னல வெளியேர்ந்து பாருங்க, மேற்கு பக்கம் முழுக்க ப்ளைண்ட்ஸ இறக்கி விட்டிருப்பாங்க, ஏப்ரல்லேர்ந்து அக்டோபர் வரைக்கும். அந்த அஸ்தமனத்துக்கு நீங்க கூடுதலா பணம் குடுத்து அத மூடி வைக்கப்போறீங்க. வாடகைக்கு எடுக்கறப்ப வடக்கு, இல்லன்னா கிழக்கு பாத்த வீடா கேளுங்க.

இன்னொண்ணு, இந்த மாதிரி டவர்ல பல இடத்துல உங்க வீட்டு ஏசி தனியா நிக்கறதில்ல, மொத்த கட்டடத்துக்கும் மொட்டை மாடில ஒரு கூலிங் டவர், பைப்புல தண்ணி சுத்தும், அதோட உங்க யூனிட் கோத்திருக்கும். அது பழுதானா 20 மாடியும் சேந்து வேகும். மாத்தற செலவு லட்சக்கணக்கான டாலர், அது ஹெச்ஓஏ தலைல, அதாவது உங்க தலைல. லிஃப்ட், கூரை, கூலிங் டவர், எல்லாமே கட்டி இருபது இருபத்தஞ்சு வருஷத்துல வரிசையா செலவு வைக்கும், உங்க கட்டடம் சரியா அந்த வயசுக்குத்தான் வந்துக்கிட்டு இருக்கு. 850 டாலர்னா வருஷத்துக்கு 10,200, அது ஏறாம நின்னாலே பத்து வருஷத்துல ஒரு லட்சத்து ரெண்டாயிரம் டாலர். அது போதலன்னா ஸ்பெஷல் அசெஸ்மென்ட்னு ஒரு லெட்டர் வரும், ஒரே தடவைல கட்டச் சொல்லி.

நான் சொல்றத கேக்காம வாங்கத்தான் போறோம்னு முடிவு பண்ணா, இங்க ஆஃபர் அக்சப்ட் ஆனதும் பொதுவா பத்து நாள் இன்ஸ்பெக்ஷன் டைம் குடுப்பாங்க, அந்த பத்து நாள்ல சுவத்த தட்டி பாக்கறதவிட பேப்பர படிங்க. ஹெச்ஓஏ பட்ஜெட்ல ரிசர்வுக்கு, அதாவது பெரிய ரிப்பேருக்கான சேமிப்புக்கு, எவ்ளோ ஒதுக்கறாங்க, பத்து சதவீதத்துக்கு கீழன்னா பேங்க் லோன் தர்றதே சிக்கலாகும். அந்த சேமிப்பு போதுமான்னு கணக்கு பாக்கற ரிசர்வ் ஸ்டடி கடைசியா எப்ப பண்ணாங்க. போர்டு மீட்டிங் மினிட்ஸ் ரெண்டு வருஷத்துக்கு கேளுங்க, அதுலதான் உண்மை இருக்கும், "லிஃப்ட் நம்பர் 2 மறுபடி நின்னுச்சு", "5வது மாடி லீக்", இப்படி. கேஸ் ஏதாவது நடக்குதா. ஒரே ஆள் அல்லது ஒரே கம்பெனி எத்தன யூனிட் வச்சிருக்கு. இந்த கடைசி கேள்விய ரொம்ப பேர் கேக்கறதில்ல, அரிசோனாவுல ரொம்ப முக்கியம். இங்க காண்டோ சட்டத்துல 80 சதவீத ஓட்டு இருந்தா மொத்த காண்டோமினியத்தையும் கலைச்சு வித்துடலாம்னு ஒரு வழி ரொம்ப காலமா இருக்கு, இன்வெஸ்டர் ஒருத்தன் ஒவ்வொண்ணா வாங்கி அந்த அளவ எட்டிட்டு மீதி ஆளுங்கள வெளிய அனுப்பின சம்பவம் நடந்து மாநில சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயிருக்கு. பின்னாடி சட்டத்த திருத்தி, அதுக்கப்புறம் உருவான காண்டோவுக்கு அந்த சதவீதத்த ஏத்திட்டாங்க, உங்களோடது பழசு. காண்டோவோட மூல பத்திரமான டிக்ளரேஷன்ல என்ன சதவீதம் எழுதியிருக்குன்னு ஒரு வக்கீல வச்சு பாத்துக்கோங்க, ஒரு மணி நேர ஃபீஸு, குடுக்கலாம்.

தண்ணி விஷயத்துல உங்க பயம் பாதி சரி, ஆனா திசைதான் தப்பு. 1980லயே இங்க நிலத்தடி நீர் சட்டம் போட்டுட்டாங்க, புதுசா பிளாட் போடணும்னா நூறு வருஷத்துக்கு தண்ணி இருக்குன்னு காட்டணும். 2023 ஜூன்ல கவர்னர் கேட்டி ஹாப்ஸ், நிலத்தடி நீர மட்டும் நம்பி இனிமே புது சப்டிவிஷனுக்கு அனுமதி இல்லன்னு அறிவிச்சாங்க. அடி வாங்கினது ஓரத்துல இருக்கற பக்கை, குவீன் க்ரீக் மாதிரி ஊருங்க. ஃபீனிக்ஸ் சிட்டிக்கு சால்ட், வெர்டே ஆத்து தண்ணி எஸ்ஆர்பிங்கற தண்ணி, கரண்ட் நிறுவனம் வழியா வருது, 336 மைல் கால்வாய் வெட்டி கொலராடோ ஆத்து தண்ணியும் வருது. கொலராடோவுல வெட்டு விழுந்திருக்கு, ஏழு மாநிலமும் அடிச்சுக்கறாங்க, இன்னும் வெட்டு வரலாம், தண்ணி பில்லு ஏறும். ஆனா டவுன்டவுன்ல குழாய்ல தண்ணி வராம போற நிலைமை வர்றதுக்கு முன்னாடி ஊர் ஓரத்துல எத்தனையோ கட்டுமானம் நின்னு போயிருக்கும். நீச்சல்குளம் வச்ச தனி வீட்டவிட அபார்ட்மென்ட்ல தண்ணி செலவும் கம்மி. இந்த ஒரு காரணத்துக்காக டவுன்டவுன வேணாம்னு சொல்லாதீங்க.

இவ்ளோ சொல்லிட்டு டவுன்டவுனுக்கு குடி போங்கன்னும் ஏன் சொல்றேன்னா, உங்க குடும்பத்துக்கு அது நல்லா ஒத்து வரும், அதுவும் அப்பா அம்மாவுக்கு. சாண்ட்லர்ல, கில்பர்ட்ல ஊர்லேர்ந்து வந்த பெரியவங்க படற பாட நான் நிறைய பாத்திருக்கேன், நீங்க ரெண்டு பேரும் ஆபீஸ் போனதும் அவங்க வீட்டுக்குள்ள, கார் ஓட்ட தெரியாது, வெளிய வந்தா ஒரே மாதிரி சுவரு, ஒரே மாதிரி கராஜ் கதவு, எதிர்ல ஒரு மனுஷன் வர மாட்டான், அப்பா மூணாவது வாரத்துலயே டிக்கெட்ட முன்னாடி மாத்த முடியுமான்னு கேட்க ஆரம்பிச்சுடுவார். அவங்க வர்ற நவம்பர் டூ மார்ச் ஃபீனிக்ஸோட சொர்க்கம். டவுன்டவுனோட வடக்கு பக்கம் ரூஸ்வெல்ட் தெரு கிட்ட வீடு எடுத்தீங்கன்னா காலைல ரெண்டு பேரும் ஹான்ஸ் பார்க் வரைக்கும் நடந்துட்டு வரலாம், அந்த பார்க்குக்கு அடில ஐ-10 ஃப்ரீவே சுரங்கத்துல ஓடுதுங்கறத சொன்னா அப்பா நம்ப மாட்டார். 1973ல அந்த ஃப்ரீவேய நூறு அடி உயரத்துல பாலமா கட்டறதா இருந்தாங்க, ஜனங்க ஓட்டு போட்டு தடுத்து, கடைசில 1990ல பூமிக்கு அடில போச்சு, மேல பார்க் வந்துச்சு. இந்த ஊரு உருப்படியா பண்ண காரியங்கள்ல அது ஒண்ணு. பார்க்க ஒட்டியே பர்ட்டன் பார் லைப்ரரி, ஏசில உக்காந்து நாள் பூரா படிக்கலாம். லைட் ரயில் ஏறினா கிழக்க டெம்பி, மேசா வரைக்கும், வடக்க மெட்ரோசென்டர் வரைக்கும், 2025 ஜூன்லேர்ந்து தெக்க பேஸ்லைன் ரோடு வரைக்கும் போலாம், யாரையும் "என்னை கொண்டு போய் விடு"ன்னு கெஞ்ச வேண்டாம். டவுன்டவுன்ல பல வருஷமா ஒழுங்கா ஒரு மளிகைக்கடை இல்லாம இருந்துச்சு, 2019ல வாஷிங்டன் ஸ்ட்ரீட்ல ஃப்ரைஸ் தெறந்தப்புறம்தான் இது குடும்பம் குடியிருக்கற இடமா மாறவே ஆரம்பிச்சுது, என்னை கேட்டா எந்த டவரவிடவும் அந்த கடை பெரிய திருப்பம். கறிவேப்பிலைக்கும் இட்லி அரிசிக்கும் நீங்க சாண்ட்லர் வரணும்தான், மரிகோபாங்கற ஊர்ல இருக்கற மகா கணபதி கோயில் இன்னும் தூரமாகும், அத ஒத்துக்கணும்.

உங்களுக்கு ஆபீஸ் நடந்து போற தூரம். உங்க வீட்டுக்காரருக்கு சாண்ட்லர்லேர்ந்து டிஎஸ்எம்சிக்கு தினம் ஊரையே குறுக்க கடந்து போகணும், டவுன்டவுன்லேர்ந்து ஐ-17ல நேரா வடக்க, அதுவும் காலைல எதிர் திசைல கூட்டம் வர்றப்ப. அவருக்கு கில்பர்ட் எப்படி தோணுச்சுன்னே எனக்கு புரியல, வேலை இருக்கற இடத்துக்கு நேர் எதிர் மூலை அது. ஸ்கூல் மட்டும் இப்பவே பாருங்க, சாண்ட்லர் ஸ்கூல்களுக்கு பழகினவங்களுக்கு இங்க அது பெரிய விஷயம்தான். டவுன்டவுன்லயே ஏஎஸ்யூ ப்ரெப் இருக்கு, நீங்க அங்கயே வேலை பாக்கறீங்க, நேர்ல போய் பாருங்க, சீட்டுக்கு வெயிட்டிங் லிஸ்ட் இருந்தா உடனே பேர குடுத்துடுங்க. அரிசோனாவுல ஓப்பன் என்ரோல்மென்ட் இருக்கறதால வேற டிஸ்ட்ரிக்ட் ஸ்கூலும் கேக்கலாம், ஆனா கொண்டு போய் விடறது உங்க பொறுப்பு.

வீடு எந்த பக்கம் எடுக்கறதுன்னு பாக்கறப்ப ஒரு நாள் ராத்திரி போங்க. தெக்க பக்கம், பேஸ்பால் ஸ்டேடியம், சன்ஸ் டீம் பாஸ்கெட்பால் ஆடற அரீனா கிட்டன்னா மேட்ச் இருக்கற அன்னிக்கு கார வெளிய எடுக்க முடியாது, யூனியன் பசிஃபிக் சரக்கு ரயில் பாதையும் அந்த பக்கம்தான். ரூஸ்வெல்ட் ரோங்கற அந்த ஏரியாவுல மாசத்தோட முதல் வெள்ளி தெருவே திருவிழா, ஒரு தடவை ஜாலி, எல்லா மாசமும் ஜன்னலுக்கு கீழன்னா யோசிங்க. மேற்க, மாநில தலைமை செயலகம் போற வழில, வீடில்லாதவங்க நிறைய பேர் கூடாரம் போட்டு இருந்தாங்க, கோர்ட் உத்தரவு வந்து 2023 நவம்பர்ல அத எடுத்தாங்க. அந்த ஜனங்க எல்லாருக்கும் வீடு கிடைச்சிடல, டவுன்டவுன்ல நடக்கறப்ப அவங்கள பாப்பீங்க, பெரும்பாலும் உங்கள ஒண்ணும் பண்ண மாட்டாங்க, ஆனா ஊர்லேர்ந்து வர்ற அம்மாகிட்ட முன்னாடியே சொல்லி வைங்க.

ஒரு வருஷம் ஆனப்புறம் வாங்கணும்னு தோணுச்சுன்னா, அப்பவும் டவர விட்டுட்டு டவுன்டவுன சுத்தி ஒரு மைலுக்குள்ள பாருங்க. கார்ஃபீல்ட், கொரனாடோ, வில்லோனு பெரும்பாலும் 1930கள் வரைக்கும் கட்டின ஓட்டு வீடு, சின்ன வீடு இருக்கற ஏரியாங்க, உங்க வீட்டுக்காரர் கேட்ட தனி வாசலும் இருக்கும், உங்களுக்கு ஆபீஸும் பக்கம். 2024ல மாநிலம் ஒரு சட்டம் போட்டுச்சு, பெரிய ஊருங்கள்ல டவுன்டவுன்லேர்ந்து ஒரு மைலுக்குள்ள தனி வீட்டு மனைல நாலு வீடு வரைக்கும் கட்ட விடணும்னு, 2026 ஜனவரிலேர்ந்து அமல். அதனால அங்க இனிமே டவுன்ஹவுஸ், டூப்ளெக்ஸ் வர ஆரம்பிக்கும், நிலமும் உங்க பேர்ல பங்கா இருக்கும், கூலிங் டவர் பில்லும் வராது. சென்ட்ரல் ஃபீனிக்ஸ்ல பழைய தெரு சிலதுல எஸ்ஆர்பி கால்வாய் பாசனம் இன்னும் இருக்கு, வெயில் காலத்துல ரெண்டு வாரத்துக்கு ஒரு தரம் உங்க முறை வரும், ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் எழுந்து போய் மடைய தெறந்தா கொல்லை பூரா கணுக்கால் அளவு தண்ணி நிக்கும், அதுலதான் அங்க ஆரஞ்சு மரமும் நிழலும் நிக்குது. தாமிரபரணி பாசனம் பாத்த உங்க அப்பாவுக்கு அந்த வேலைய விட்டா அவர் ஊருக்கே திரும்பி போக மாட்டார், ஜாக்கிரதை.

இந்த வாரமே செய்ய வேண்டியது ரெண்டு. ஏஜென்ட்கிட்ட ரிசர்வ் ஸ்டடியும் ரெண்டு வருஷ மினிட்ஸும் கேளுங்க, வாங்கலன்னாலும் பரவால்ல, அவர் தர தயங்கறாரா இல்லையான்னு பாருங்க. சாண்ட்லர் லீஸ் எப்ப முடியுதுன்னு எழுதல, முடியறதுக்கு 60 நாள் முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும்னு பல லீஸ்ல இருக்கும், அத தவற விட்டா அதுவா மாசா மாசம் கூடுதல் ரேட்டுக்கு மாறிடும், முதல்ல அந்த பேப்பர எடுத்து பாருங்க.